ஈர விறகு வழக்கு

உத்திரமேரூர் கடைத்தெருவில் உரக்கடைக்கு மேல்மாடியில் ராபின் செல்லதுரை ரசிகர் மன்றம் நடந்துவந்தது. ராபின் செல்லதுரை சினிமாவில் பாடாதவர். எழுபதுகளில் மெட்ராஸ் ஓட்டல்களில் எலெக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழில் ராக் பாடியவர். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேசட் வெளியிட்டு, தொண்டை கரகரத்து, தலைமுடி கொட்டி, தொண்ணூற்றெட்டாம் வருடத்திலும் விடாமல் பாடிக்கொண்டிருந்தார். சென்னையில் அவரை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். உத்திரமேரூர் மறக்கவில்லை. மன்றத்தில் முப்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் பதவி இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பதவி இல்லாதவர்களில் ஒருவன் சேட்டு. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், இருளர் குடியிருப்பில் வீடு. பகலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குவான், பருவத்தில் கரும்பு வெட்டப் போவான், சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு மன்றத்துக்கு வருவான். பெஞ்சு போடுவதும் பேனர் கட்டுவதும் மைக்செட் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதும் அவன் வேலை. யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அவனை மன்றத்துக்குக் கூட்டி வந்தவன் ஹரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தவன், சேட்டுவின் சின்ன வயது சினேகிதன். ஒருகாலத்தில் ஹரிக்கு அத்தை மகளோடு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அது மழைக்காலம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, ஆலையில் வேலை இல்லை. ஹரி கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பாயில் படுத்துக் கிடந்தான். சோறு இறங்கவில்லை. சேட்டு தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த நாட்களில் கடையில் ஓடியது ஒரே கேசட், ராபின் செல்லதுரையின் ‘ஈர விறகு’. டிரம்ஸ் இல்லாமல், ஒற்றைக் கிதாரோடு, இரண்டு பக்கமும் மெல்லப் பாடியிருப்பார். ஒருநாள் ஹரி எழுந்து உட்கார்ந்து, இந்த ஆளு மட்டும் இல்லாட்டி நான் ஏரியில விழுந்திருப்பேன் என்றான். அன்றைக்கே வெற்றுக் கேசட் ஒன்றில் அதைப் பதிவுசெய்து சேட்டுவின் கையில் கொடுத்தான். அந்தக் கேசட் இன்றும் சேட்டு வீட்டில் இருந்தது. அவன் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் தூங்கின. அவன் மனைவி எல்லம்மாள் அடுப்பு ஊதும்போதுகூட அதையே முணுமுணுப்பாள்.

மன்றத் தலைவர் சின்னராசு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலபுலன் உள்ள குடும்பம். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் கூட்டம் நடத்தாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஊரில் கோயில் கமிட்டிக்கும் நூலகக் கமிட்டிக்கும் ஏற்கெனவே தலைவர்கள் இருந்ததால் ராக் இசைக்கு வந்து சேர்ந்தார். ராபின் செல்லதுரையின் கேசட்டுகளில் அவர் கேட்டது முதலாவதான ‘மின்சாரப் பறவை’ ஒன்றைத்தான். ஒன்றை மட்டுமே கேட்டிருந்ததால் அவருடைய கருத்தில் குழப்பமே இருந்ததில்லை.

அந்த வருடம் ராபின் செல்லதுரை, தை மாதத்தில் உத்திரமேரூருக்கு வர ஒப்புக்கொண்டார். செய்தி வந்ததும் மன்றம் அவசரமாகக் கூடியது. சும்மா மாலை போட்டு அனுப்பினால் போதாது, அவர் படைத்தவற்றுள் மிகச் சிறந்தது எது, மிக மோசமானது எது என்று மன்றம் தீர்ப்பு எழுதி மேடையில் வாசிக்க வேண்டும் என்றார் சின்னராசு. ஒரு கலைஞனுக்கு ரசிகன் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை அவனைத் திருத்துவதுதான் என்று விளக்கினார். கைதட்டினார்கள். சேட்டுவும் தட்டினான்.

தீர்ப்பை எப்படிச் சொல்வது என்பதில் சிக்கல் வந்தது. கை தூக்கிச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டதற்குத் தலைவர் வருத்தப்பட்டார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பானையில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊரில் பிறந்துவிட்டு, அதுவும் கல்வெட்டுக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கை தூக்குவதா என்று கேட்டார். அன்றே மன்றம் வாரியங்களாகப் பிரிந்தது. கிதார் வாரியம், டிரம்ஸ் வாரியம், கேசட் அட்டைப்பட வாரியம், வரவேற்பு வாரியம். பழையசீவரத்திலிருந்து வந்துபோகும் இரண்டு உறுப்பினர்களுக்காகப் பாலாற்று வடகரை வாரியம் என்று ஒன்று உண்டாக்கப்பட்டது. அவர்கள் இருவரும் உடனே அதன் தலைவர் பதவிக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஓலை போட யாருக்குத் தகுதி என்று வகுக்கும் பொறுப்பு ஹரிக்குக் கொடுக்கப்பட்டது. கேசட் விஷயம் தெரிந்தவன் அவன்தான். வேலையை ஒழுங்காகச் செய்தால் வரவேற்பு வாரியத் தலைமை அவனுக்கு என்றும், அந்தப் பதவியில் இருப்பவர் காஞ்சிபுரம் கூட்டுரோட்டிலிருந்து பாடகரின் காரில் பக்கத்திலேயே உட்கார்ந்து வரலாம் என்றும் தலைவர் சொல்லியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஹரி தகுதிகளை வாசித்தான். ஓலை போடுகிறவருக்குச் சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். அந்த வீட்டில் கரண்டில் ஓடும் டேப்ரெக்கார்டர் இருக்க வேண்டும். கேசட்டுகள் கம்பெனி ஒரிஜினலாக இருக்க வேண்டும். வெற்றுக் கேசட்டில் பதிவுசெய்து கேட்டவர் கேட்டவராகக் கருதப்பட மாட்டார்.

சேட்டு பெஞ்சு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்கு அது தன்னைப் பற்றியது என்று தோன்றவில்லை. அவன் வீடு ஏரிப் புறம்போக்கில் இருந்தது. அவன் டேப் பேட்டரியில் ஓடியது. அவனிடம் இருந்த கேசட் அத்தனையும் ஹரி பதிவுசெய்து கொடுத்தவை. ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தபோதுதான் மூன்றிலும் தகுதி இல்லாதவன் தான் ஒருவனே என்று தெரிந்தது. அந்த மாடியில் இருந்த பாதிப் பேர் ஹரி கடையில் பதிவுசெய்தவர்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே நாளில் ஒரிஜினல்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் சேட்டு ஹரியைப் படிக்கட்டில் நிறுத்தினான்.

“இன்னாபா, எங்கிட்ட கீற கேசட்டெல்லாம் நீதான பதிஞ்சு குட்த்த?”

“அது வேற, இது சட்டம்” என்றான் ஹரி. “ஒனக்காவ எய்தல சேட்டு. பொதுவா எய்துனது. நீ ஏன் ஒம்மேல இட்டுக்கினு பேஜார் பண்ற?”

ஓலைதான் போட முடியாது, விவாதத்தின்போது வந்து நிற்கலாம், மைக்செட்டும் தூக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னான். சேட்டுவுக்கு அது நியாயமாகவும் பட்டது, நியாயமில்லாமலும் பட்டது. வீட்டில் எல்லம்மாளிடம் சொன்னான். பாட்டுக் கேக்கறதுக்குப் பட்டாவா கேக்கறாங்க என்று அவள் கேட்டாள்.

தகுதிகள் வாசிக்கப்பட்ட அந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்துச் சின்னராசு பேசியதை ஊரில் பலர் பிற்பாடும் மெச்சிக்கொண்டார்கள். “ஜனநாயகம் என்றால் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று சிலர் தப்பாக நினைக்கிறார்கள்” என்றார் அவர். “நம்மூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். யாரைச் சேர்க்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நம் முன்னோர்கள் மற்றதை யோசித்தார்கள். நானும் அப்படித்தான். மற்றதை இன்னும் யோசிக்கவில்லை.”

விவாதம் சனிக்கிழமை தவறாமல் நடந்தது. கிதார் வாரியத்தார் ‘தார்ச்சாலை’ கேசட்தான் சிறந்தது என்றார்கள். அட்டைப்பட வாரியத்தார் அதை ஏற்கவில்லை. அதன் அட்டையில் ராபின் செல்லதுரை செருப்பில்லாமல் நிற்கிறார், ராக் பாடகன் பூட்ஸ் போட வேண்டும் என்றார்கள். டிரம்ஸ் வாரியத் தலைவர் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் எழுந்து, தனக்குக் காது மந்தம், எனவே தான் நடுநிலையானவன் என்று அறிவித்தார். வடகரை வாரியத்தில் இருந்த இருவரும் ஒருவர் சிறந்தது என்றதை மற்றவர் மோசமானது என்றார்கள். கேசட்டுகளை ஒருமுறை போட்டுக் கேட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அது தீர்ப்பைப் பாதிக்கும் என்று தலைவர் மறுத்துவிட்டார்.

ஓலை போடும் நாள் வந்தது. புதுப் பானை வாங்கி, வாயில் துணி கட்டி, மேசைமேல் வைத்தார்கள். சிறந்ததற்கு ஓலை தேவையில்லை என்று முன்பே முடிவாகியிருந்தது. அது ‘மின்சாரப் பறவை’, தலைவர் கேட்டிருந்தது. மோசமானதற்கு மட்டும் ஆளுக்கொரு ஓலை எழுதிப் பானையில் போட்டார்கள். முன்னோர் வழக்கப்படி குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். விவரம் தெரியாத ஒருவர் எடுப்பதுதான் மரபு என்று யாரோ நினைவூட்ட, தலைவரே எடுக்க வேண்டும் என்று சபை ஏகமனதாகச் சொல்லியது. சின்னராசு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஓர் ஓலையை எடுத்து, சத்தமாக வாசித்தார்.

“மின்சாரப் பறவை.”

யார் அப்படி எழுதினார்கள் என்று தெரியவில்லை. தலைவர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நெடுநேர ஆலோசனைக்குப் பின், பானை தவறு செய்துவிட்டது என்று தீர்மானம் போட்டார்கள். சூளையில் சரியாக வேகாத பானை என்று ஒரு காரணமும் அதில் சேர்க்கப்பட்டது. இனிப் பானையை நம்ப முடியாது என்பதால், விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து எது மோசமானது என்று சொல்லிவிட்டால் சபை ஒப்புக்கொள்ளும் என்றார் தலைவர். அவர் பார்வை ஹரி மேல் நின்றது.

சேட்டு நிம்மதியாக மூச்சு விட்டான். ஹரி சொன்னால் ஒழுங்காகச் சொல்வான் என்று நினைத்தான்.

ஹரி எழுந்தான். எல்லாக் கேசட்டுக்கும் இந்தச் சபையில் ஏதாவது ஒரு வாரியம் பரிந்து பேசியது, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் யாரும் பேசவில்லை என்றான். அது ‘ஈர விறகு’. யாரும் பரிந்து பேசாததைச் சொன்னால் யாருக்கும் வருத்தம் இருக்காது என்பதும் அவன் கணக்கு. அதை அவன் சொல்லவில்லை. வேறு மாதிரி சொன்னான்.

“ராக்குன்னா மனுசன எய்ந்து நிக்க வெக்கணும். இது படுக்க வெக்கிது” என்றான். “எனக்குத் தெரிஞ்சே ஒருத்தன், கலியாணம் நின்னு போச்சுன்னு இத்தப் போட்டுக் கேட்டுக்கினு, சோறு தண்ணி இல்லாம மாசக்கணக்குல படுத்துக்கினு கெடந்தான். ஏரியில வுயுந்து சாவப் போனவன் அவன். அவனக் கெடுத்ததே இந்தக் கேசட்டுதான்.”

யார் அது என்று கேட்டார்கள். ஹரி எதிர்பார்க்கவில்லை. பிறகு மைக்செட் பக்கம் கையைக் காட்டினான்.

“நம்ம சேட்டுதான்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஓர் ஆளைப் பற்றி இப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்ட மாதிரி சிரித்தார்கள். பரவாயில்லப்பா, ஆம்பளைக்கு வர்றதுதான் என்று டிரம்ஸ் வாரியத் தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சேட்டு ஹரியைப் பார்த்தான். ஹரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நானில்லை என்று சொல்ல சேட்டுவுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அது யார் என்றும் சொல்ல வேண்டும். அந்த மழைக்காலத்தில் ஹரி அழுத அழுகையை அந்த மாடியில் வைத்துச் சொல்ல அவனுக்கு மனம் ஒப்பவில்லை. மைக்செட் வயரைச் சுற்றினான்.

தீர்ப்பு எழுதப்பட்டது. ‘ஈர விறகு’ கேசட் வைத்திருப்பவர்கள் ஒரிஜினலைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், பாடகர் முன்னிலையில் மேடையில் அவற்றை உடைக்க வேண்டும் என்றும் முடிவானது. பதிவுசெய்த பிரதிகள் மன்றத்தின் பார்வையில் இல்லாதவை என்பதால் அவற்றை உடைக்கவும் வழியில்லை என்றார் தலைவர்.

விழா நாளன்று சேட்டு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பேனரின் கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். போகவேண்டாம் என்றுதான் எல்லம்மாள் சொன்னாள். ராபின் செல்லதுரையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று வந்துவிட்டான். அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து டீக்கடை முன்னால் நின்றது. கூட்டுரோட்டில் ஹரியும் வரவேற்பு வாரியமும் மாலையோடு காத்திருக்க, டிரைவர் வழி மாறி வாலாஜாபாத் பக்கமாக வந்துவிட்டிருந்தார். காரிலிருந்து ஒல்லியாக, முடிக்குச் சாயம் பூசிய ஒருவர் இறங்கி, சர்க்கரை இல்லாமல் டீ கேட்டார். அட்டைப்படத்தில் பார்த்த முகம்தான்; கன்னம் மட்டும் உள்ளே போயிருந்தது.

சேட்டு கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனான். என்ன பேசுவது என்று தெரியாமல், ஈர விறகு பாடுவீங்களா சார் என்று கேட்டுவிட்டான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அதைக் கேட்ட ஆள்கூட இருக்கீங்களா?”

வீட்டில் எல்லோரும் கேட்போம் என்றான் சேட்டு. பிள்ளைகள் அதில்தான் தூங்கும் என்றான். கூட வாசித்தவர்கள் எல்லோரும் விட்டுப் போன வருடம் அது, ஒரு ரூமில் தனியாக உட்கார்ந்து பாடினேன், கம்பெனிக்காரன் அதை விளம்பரம்கூடச் செய்யவில்லை என்றார். “மத்ததெல்லாம் விக்கறதுக்காகப் பாடினது. அது ஒண்ணுதான் எனக்குன்னு பாடினது” என்றார். முதல் இரண்டு வரியை மேசையில் விரலால் தட்டி மெதுவாகப் பாடியும் காட்டினார். பிறகு சேட்டுவின் தோளில் கைவைத்து, இன்றைக்கு முதல் பாட்டு அதுதான், உங்களுக்காக என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சேட்டு விழா மைதானத்துக்கு ஓடினான். ஜெனரேட்டர் பக்கத்தில், மேடை நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டான். சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்திருந்தது. பாதிப் பேருக்கு யார் பாடப்போகிறார் என்று தெரியாது. லைட் போட்டிருந்ததால் வந்திருந்தார்கள். அவ்வளவு ஜனத்தை ராபின் செல்லதுரை தன் முன்னால் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். மேடையில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார்.

சின்னராசு பொன்னாடை போர்த்தினார். சிறந்த கேசட்டின் பெயரை வாசித்தபோது பட்டாசு வெடித்தது. மோசமான கேசட்டின் பெயரை வாசித்தபோதும் வெடித்தது. வெடிக்காரருக்கு வித்தியாசம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ராபின் செல்லதுரை மைக்கைக் கையில் வாங்கி, ஈர விறகைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். சேட்டு முன்னால் நகர்ந்தான்.

தலைவர் சிரித்தபடி இன்னொரு மைக்கை எடுத்தார். “ஐயா மன்னிக்க வேண்டும். நம்மூர்க் கல்வெட்டின்படி சம்பந்தப்பட்டவருடைய உறவினர் கலந்துகொள்ள இடமில்லை. பாடியவர் கேசட்டுக்குத் தகப்பன் முறை. இந்தக் கேசட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லாதவர் இந்த மேடையில் தாங்கள் ஒருவர்தான். தாங்கள் மன்றத்தின் தீர்ப்பை ஏற்றால், வருடா வருடம் தை மாதம் தங்களுக்கு இங்கே விழா.”

ராபின் செல்லதுரை ஜனங்களைப் பார்த்தார். பொன்னாடையை ஒருமுறை சரிசெய்துகொண்டார். பார்வை ஜெனரேட்டர் பக்கம் வந்து, சேட்டுவைக் கடந்து போனது. பிறகு தெளிவாகப் பேசினார். ஈர விறகு தான் மனசு சரியில்லாதபோது செய்த தவறு, ரசிகர்கள் அதை மன்னிக்க வேண்டும், உத்திரமேரூரின் தீர்ப்பே தன் தீர்ப்பு என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. சேகரித்து வைத்திருந்த ஒரிஜினல் கேசட்டுகளை ஒரு கல்லின் மேல் அடுக்கினார்கள். வரவேற்பு வாரியத் தலைவர் என்ற முறையில் ஹரி சுத்தியலால் உடைத்தான். அதில் அவன் கடையில் வைத்திருந்த ஒரிஜினலும் இருந்தது. பாடகர் முதல் பாட்டாக ‘மின்சாரப் பறவை’ பாடினார். கடைசியாகவும் அதையே பாடினார்.

சேட்டு பாதியில் கிளம்பி ஏரிக்கரை வழியாக நடந்தான். ஒலிபெருக்கி கரை முழுக்கக் கூடவே வந்தது. அவனுக்குத் தலைவர் மேல் கோபம் வரவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். டீக்கடையில் பாடகர் தோளில் வைத்த அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை. வைக்காமலே போயிருக்கலாம் என்று நினைத்தான். என்ன பாடினார் என்று எல்லம்மாள் கேட்டதற்கு, சத்தமாகப் பாடினார் என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவன் மன்றத்துக்குப் போகவில்லை. மைக்செட் தூக்கக் கூலிக்கு ஆள் வைக்க ஒரு வாரியம் அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டான்.

மாசி பிறந்து ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஹரியின் டி.வி.எஸ். ஃபிஃப்டி குடியிருப்புக்குள் வந்து நின்றது. எல்லம்மாள் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஹரி உட்கார இடம் தேடி, உரலின் மேல் உட்கார்ந்தான். ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றான். ஆலையில் வேலை எப்படி என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கேசட்டு இருக்கிறதா என்று கேட்டான். சென்னையில் எல்லாக் கடையிலும் விசாரித்துவிட்டானாம், எங்கேயும் இல்லையாம்.

சேட்டு எழுந்துபோய் டேப்பை எடுத்துவந்து வாசலில் வைத்துப் போட்டான். ஒற்றைக் கிதார் ஆரம்பித்தது. ஹரி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முடிவதற்குள் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சேட்டு முன்புபோலப் பக்கத்தில் போய் உட்காரவில்லை. வாசற்காலில் சாய்ந்து நின்றபடி ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கம் முடிந்து டேப் தானாக நின்றது. ஒருநாள் கொடு, பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்றான் ஹரி. சேட்டு முடியாது என்றான். வேணும்னா இங்க வந்து கேட்டுட்டுப் போ என்றான்.

ஹரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வண்டி வரை போனவன் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினான்.

“நான் இங்க வந்து இத்தக் கேட்டது தலைவருக்குத் தெரியக் கூடாது சேட்டு. செயலாளர் பதவிக்கு எம்பேரச் சொல்லிக்கினு கீறாங்க.”

“நான் சொன்னா அங்க யாரு கேக்கப் போறாங்க?” என்றான் சேட்டு.

ஹரி யோசித்துப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

“அதுவும் செரிதான்” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.